வேதாகம ஆய்வுத் துணைநூல்கள்
விவிலியத்தைத் தனியாகவோ குழுவாகவோ ஆழ்ந்து கற்க உதவும் ஒத்தவாக்கிய அகராதி, வேதாகம அகராதி, விளக்கவுரை முதலிய நூல்கள். இலங்கையின் கண்டி மாவட்டத்தில், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் தோட்டத் தமிழரிடையே போதனையை நடத்தினர். அச்சு நூலைவிட அவர்களின் வாய்மொழியே அங்கு முதல் துணை எனலாம். அதே மாவட்டத்தில் 1963இல் நிறுவப்பட்ட பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிக்கிறது.

ஒரு சொல் வரும் வசனங்களைக் காட்டும் ஒத்தவாக்கிய அகராதி மொழிபெயர்ப்பைச் சார்ந்தது. 1871ஆம் ஆண்டின் பவர் தமிழ் வேதாகமத் திருப்புதலில் ‘தேவன்’, ‘பரிசுத்த ஆவி’ என்பவை 1995ஆம் ஆண்டின் திருவிவிலியத்தில் ‘கடவுள்’, ‘தூய ஆவி’ எனப்படுவதால், ஒன்றுக்கான அகராதி மற்றதற்கு முழுமையாகப் பொருந்தாது. சீர்திருத்தத் திருச்சபையினரும் கத்தோலிக்கரும் கூடிப் படிக்கும் குழுவுக்கு இரு மொழிபெயர்ப்புகளும் தேவை.