நோபோக் தீவுச் சிறையும் கப்டன் மக்கொனக்கியும்

மணிமேகலைக் காப்பியத்திலே ஓர் அரிய நிகழ்ச்சி வருகின்றது. அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்துவரும் மணிமேகலையைக் கண்டு வியந்த சோழ மன்னன், தான் செய்யத்தக்கது யாது என்று அவளை வினவுகின்றான். அவள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை ஒழித்து அதனை அறக்கோட்டமாக்குக என்று வேண்டுகின்றாள். மன்னனும் அதற்கு இசைகின்றான். காப்பியத்திலே ஒரு வேண்டுகோளால் முடிந்துவிட்ட இக்காரியம், உலக வரலாற்றிலே எத்துணைக் கடினமானதாக இருந்துவந்துள்ளது என்பதை எண்ணும்போது, புலவனின் கனவுக்கும் மனிதனின் நடைமுறைக்கும் உள்ள தூரம் நமக்குப் புலனாகும்.

நேயர்களே, சிறைச்சாலைக்கு மூன்று கடமைகள் உண்டென்பர். குற்றவாளியைத் தண்டித்தல் ஒன்று. அவனிடமிருந்து சமுதாயத்தைக் காத்தல் மற்றொன்று. அவனைத் திருத்தி மீண்டும் சமுதாயத்திற்குத் தருதல் மூன்றாவது. முதலிரண்டையும் மதிலும் பூட்டும் ஓரளவு நிறைவேற்றிவிடும். மூன்றாவதை நிறைவேற்றுவதற்கு மதிலுக்கு வலிமையில்லை. ஆகவேதான், ஒரு வாயிலால் வெளியேறியவன் சில மாதங்களில் அதே வாயிலால் உள்ளே வருவதை உலகெங்கும் காண்கின்றோம். இம்மீள்வரவைத் தடுக்க முடியுமா என்ற வினாவுக்கு விடை தேடி, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் பசுபிக் சமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு தீவிலே சோதனையொன்று நிகழ்ந்தது. நான்கே ஆண்டுகள் நிலைத்த அச்சோதனையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பிரித்தானிய அரசாங்கம் 1788ஆம் ஆண்டு முதல் தன் நாட்டுக் குற்றவாளிகளைக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிவந்தது. 1868இல் இவ்வழக்கம் முற்றாக நின்றபோது, அவ்வாறு நாடுகடத்தப்பட்டோர் தொகை ஏறத்தாழ 1,60,000 ஆகியிருந்தது. சென்ற இடத்திலும் மீண்டும் குற்றம் செய்தோரை என் செய்வது? அவர்களுக்கென ஒரு சிறைக்குள் மற்றொரு சிறை வேண்டியிருந்தது. சிட்னி நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தொலைவில், 35 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நோபோக் தீவு 1825ஆம் ஆண்டு இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மரணத்திற்கு அடுத்த தண்டனை இதுவே என்று மக்கள் அஞ்ச வேண்டும் என்பதே ஆள்வோரின் நோக்கம்.

அந்நோக்கம் நன்றாகவே நிறைவேறியது. காலில் விலங்கு, முதுகில் கசையடி, பகலெல்லாம் கல்லுடைப்பு, இரவிலே நெருக்கமான கொட்டடி என்று நாட்கள் கழிந்தன. 1834ஆம் ஆண்டு தை மாதத்திலே கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டுப் பலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்ச் சிலருக்கு அது குறைக்கப்பட்டது. யார் யார் சாவர், யார் யார் வாழ்வர் என்ற செய்தியைச் சொல்லும் பொறுப்பு உல்லதோன் என்ற கத்தோலிக்க குருவானவருக்கு நேர்ந்தது. அன்று தாம் கண்டதை அவர் பின்னாளில் எழுதிவைத்தார். உயிர் தப்பினீர் என்று கேட்டவர்கள் கண்ணீர் விட்டனராம். தூக்குமேடைக்குச் செல்வீர் என்று கேட்டவர்கள் முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி கூறினராம். பதின்மூவர் தூக்கிலிடப்பட்டனர். சாவை வரமாகவும் வாழ்வைச் சாபமாகவும் ஆக்கிய சிறையிலே திருந்துவதற்கு யாருக்கு மனம் வரும்?

இத்தீவுக்கு 1840ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தலைமை அதிகாரியாக வந்துசேர்ந்தவர் கப்டன் அலெக்சாந்தர் மக்கொனக்கி. இவர் 1787இல் எடின்பரோ நகரிலே பிறந்தவர். கடற்படையிற் பணிபுரிந்தவர். நெப்போலியன் காலத்துப் போரிலே, 1811இல், பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டு, 1814 வரை போர்க்கைதியாக இருந்தவர். சிறைச் சீர்திருத்தம் பேசியோர் பலருள்ளும், கைதியாய் இருந்து நாட்களை எண்ணிய அநுபவம் உடையோர் மிகச் சிலரே. போருக்குப் பின் இவர் புவியியற்றுறையிற் புகழ்பெற்றார். இலண்டன் அரச புவியியற் கழகத்தின் முதற் செயலாளர் இவரே. 1833இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் புவியியற் பேராசிரியராகவும் விளங்கினார்.

1837ஆம் ஆண்டு, இன்று தாஸ்மேனியா எனப்படும் வான் டீமன்ஸ் நாட்டுக்கு, ஆளுநர் சேர் ஜோன் பிராங்கிளினின் செயலாளராக இவர் சென்றார். அங்கே கைதிகளின் நிலையைக் கண்டு மனம் நொந்து அறிக்கையொன்று வரைந்தார். அது இலண்டனிலே அச்சேறியதும் குடியேற்றவாசிகள் கொதித்தெழுந்தனர். ஆளுநரும் இவரைப் பதவியினின்றும் நீக்கினார். ஆயினும், அறிக்கையைப் படித்தோர் சிலர் இவர் கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று எண்ணினர். அதன் பயனே நோபோக் தீவுப் பதவி.

அவர் கருத்துத்தான் என்ன? நீதிபதி ஒருவனுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கின்றார். அவன் நல்லவனாக நடப்பினும் ஏழாண்டு, சோம்பியிருப்பினும் ஏழாண்டு. அப்படியாயின் அவன் முயல்வதற்குக் காரணம் யாது? காலத்தைக் கடத்துவதொன்றே அவன் தொழிலாகின்றது. காலத்தைக் கடத்தப் பழகியவன் வெளியே வந்து வாழ்க்கையை எவ்வாறு நடத்துவான்? ஆதலால், தண்டனையை ஆண்டுக் கணக்கால் அளவாமல் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் அளத்தல் வேண்டும் என்றார் மக்கொனக்கி. சிறைக் கதவின் திறவுகோலைக் கைதியின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது இதன் பொருள்.

இதற்காக அவர் வகுத்ததே புள்ளி முறை. ஏழாண்டுத் தண்டனைக்கு 6,000 புள்ளிகள், பத்தாண்டுக்கு 7,000, ஆயுட்காலத்துக்கு 8,000 என்று கணக்கு வகுத்தார். நாள்தோறும் செய்யும் வேலைக்கும் நன்னடத்தைக்கும் புள்ளிகள் சேரும். தவறு செய்தால் அவை குறையும். மேலதிக உணவு வேண்டுவோர் புள்ளிகளைக் கொடுத்து வாங்கலாம். வேண்டாதோர் சேமித்து விடுதலையை நெருங்கலாம். உழைத்துச் சேமிப்பது, ஆசையை அடக்குவது, நாளையை எண்ணி இன்று நடப்பது ஆகிய குடும்பஸ்தனின் குணங்களைச் சிறைக்குள்ளேயே பழக்குவதே அவர் எண்ணம். ஒரு நிலைக்குப் பின்னர்க் கைதிகள் ஆறு ஆறு பேராகச் சேர வேண்டும். ஒருவன் செய்யும் தவறு அறுவருக்கும் நட்டமாகும். பிறருக்காகப் பொறுப்பேற்கும் பழக்கம் இவ்வாறு வளரும் என்று அவர் நம்பினார்.

தீவிலே கால் வைத்த சில வாரங்களில் அவர் செய்த காரியம் சிட்னி நகரையே திடுக்கிடச் செய்தது. மே மாதத்திலே விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் வந்தது. அன்று சிறைக் கதவுகள் திறந்துவிடப்பட்டன. கைதிகள் தீவெங்கும் உலாவினர், கடலில் நீராடினர், விருந்துண்டனர். மகாராணியின் நலம் வேண்டி, எலுமிச்சஞ் சாற்றிற் சிறிது மதுவைக் கலந்து யாவரும் பருகினர். மாலையிலே கைதிகளே நாடகம் நடித்தனர், வாணவேடிக்கையும் நிகழ்ந்தது. இறுதியில் ஊதுகுழல் ஒலித்தது. அனைவரும் தத்தம் கொட்டடிக்குத் திரும்பினர். பூட்டுகள் இன்றி ஒரு நாள் கழிந்தது; குழப்பம் எதுவும் நிகழவில்லை. சிட்னிப் பத்திரிகைகளோ இவரை எள்ளி நகையாடின. நாட்டிலே அஞ்சப்படவேண்டிய இடம் கேளிக்கைக் கூடமாகிவிட்டதென்பதே அவற்றின் முறையீடு.

மக்கொனக்கி அதற்காகத் தளரவில்லை. நிலையாக நின்ற தூக்குமரத்தை அகற்றினார். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் வழிபாட்டிடங்கள் அமைத்தார். நூல்களும் இசைக்கருவிகளும் வருவித்தார். பயிரிடுவதற்குச் சிறு நிலத்துண்டுகள் அளித்தார். இறந்த கைதிகளின் புதைகுழிகளிலே பெயர் பொறித்த கல் நாட்டவும் இடங்கொடுத்தார். இலக்கமாய் வாழ்ந்தவன் பெயரோடு உறங்கட்டும் என்பதில் எத்துணை மனிதத்தன்மை இருக்கின்றது!

ஒரு கைதியின் கதையை மட்டும் கூறுவேன். சாள்ஸ் அண்டர்சன் என்ற இளைஞன் கடற்படையில் இருந்தபோது, 1827இல் நவரினோக் கடற்போரிலே தலையிற் காயமுற்றவன். அதன் பின் கோபம் வந்தால் தன்னை அடக்க அறியாதவனானான். குற்றம் செய்து நாடுகடத்தப்பட்ட அவனை, எத்தனை கசையடியும் அடக்கமாட்டாமையால், சிட்னித் துறைமுகத்து ஆட்டுத்தீவிலே ஒரு பாறையுடன் சங்கிலியாற் பிணைத்து வைத்தனர். படகிற் செல்வோர் அவனுக்கு ரொட்டித் துண்டுகளை எறிந்து வேடிக்கை பார்த்தனராம். பின்னர் நோபோக் தீவுக்கு வந்த அவனிடம், பிறர் அடக்க முடியாத எருதுகளை மக்கொனக்கி ஒப்படைத்தார். அவனை யாரும் சீண்டக்கூடாது என்றும் கட்டளையிட்டார். எருதுகள் பழகின, அவனும் பழகினான். பின்னர், மலையுச்சியிலே கப்பல்களுக்குக் கொடியசைத்துச் செய்தி அறிவிக்கும் நிலையம் அவன் பொறுப்பாயிற்று. அண்டர்சனின் மனநிலை முற்றாகக் குணமடையவில்லை. ஆயினும், சங்கிலிக்கு அடங்காதவன் பொறுப்புக்கு அடங்கினான்.

எல்லாம் வெற்றியாகவே முடிந்ததென்று கூறுதல் உண்மையாகாது. 1842இல் கைதிகள் சிலர் தீவுக்கு வந்த கப்பலொன்றைக் கைப்பற்ற முயன்றனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. புள்ளிகளைச் சேர்த்தவனுக்கு முழு விடுதலை அளிக்கும் அதிகாரம் மக்கொனக்கியிடம் இருக்கவில்லை. அது சிட்னியிலும் இலண்டனிலும் இருந்தது. பழைய கைதிகளுக்கு இம்முறையைக் கைக்கொள்ளலாகாது என்று ஆளுநர் சேர் ஜோர்ஜ் கிப்ஸ் தடையும் விதித்தார். திறவுகோலைக் காட்டியவர், அதைக் கொடுக்க இயலாதவராய் நின்றார்.

1843ஆம் ஆண்டு ஆளுநர் கிப்ஸ் முன்னறிவித்தலின்றித் தீவுக்கு வந்தார். குறைகாண வந்தவர் ஒழுங்கைக் கண்டார். அமைதியாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்ட கைதிகளைக் கண்டு, தாம் எதிர்பார்த்ததைவிட நல்லதோர் அறிக்கையையே அனுப்பினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. மக்கொனக்கியைத் திருப்பியழைக்கும் கட்டளை இலண்டனிலிருந்து ஏற்கெனவே புறப்பட்டிருந்தது. 1844இல் அவர் தீவை விட்டு நீங்கினார். அவர் காலத்தில் விடுதலை பெற்றோருள் மீண்டும் தண்டனை பெற்றோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்பது அவர் தரப்புக் கணக்கு. அக்காலத்துப் பதிவுகளைக் கொண்டு இதனை முற்றாகச் சரிபார்த்தல் அரிது. எனினும், இருமுறை குற்றஞ்செய்து கைவிடப்பட்டோர் நிறைந்த தீவிலிருந்து இத்தகைய கணக்கு எழுந்ததே கவனிக்கத்தக்கது.

அவருக்குப் பின் பழைய கடுமை திரும்பியது. 1846ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, கைதிகள் தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்ள வைத்திருந்த பாத்திரங்களை அதிகாரிகள் பறித்தனர். அன்று மூண்ட கலகத்தில் அலுவலர் நால்வர் மாண்டனர்; அதன் பொருட்டுக் கைதிகள் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர். நான்காண்டு நம்பிக்கையைச் சில பாத்திரங்களோடு அள்ளிச் சென்றனர் என்றே கூறவேண்டும். அடுத்த பத்தாண்டுக்குள் அச்சிறையும் மூடப்பட்டது.

மக்கொனக்கி 1849இல் பேமிங்ஹாம் சிறையின் ஆளுநரானார், இரண்டாண்டில் அங்கும் பதவி இழந்தார், 1860இல் இறந்தார். ஆனால் அவர் எண்ணம் இறக்கவில்லை. 1854 முதல் அயர்லாந்திலே சேர் வோல்ட்டர் குரொப்டன் என்பார் அதனைப் படிமுறையாக அமைத்தார். முதலில் தனிமை, அடுத்துப் புள்ளிகளோடு கூடிய உழைப்பு, அதன்பின் காவல் குறைந்த இடைநிலைச் சிறை, ஈற்றில் நிபந்தனையோடு விடுதலை என்பன அப்படிகள். வெளியே வருவோருக்கு வேலை தேடிக்கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. 1876இல் அமெரிக்காவின் எல்மைராச் சீர்திருத்தச் சிறையும் புள்ளி முறையைக் கைக்கொண்டது. ஆனால், அதே எல்மைராவிலே கைதிகள் கொடுமையாக அடிக்கப்படுவதாக 1890களில் விசாரணை எழுந்தது. முறை நல்லதாயினும் அதை நடத்தும் மனம் கெட்டால் பயன் இல்லை என்பதற்கு இது சான்று.

நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்திற் கழிவு அளிக்கும் வழக்கம் நம் நாட்டுச் சிறைகளிலும் உண்டு. மக்கொனக்கி நோபோக் தீவில் இருந்த காலத்திலே, 1841இல், கொழும்பில் எழுந்தது வெலிக்கடைச் சிறை. அம்மதிலுக்குள்ளே 1983ஆம் ஆண்டு யூலையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டதையும், 2012 நவம்பரிற் கைதிகள் 27 பேர் மாண்டதையும் நாம் மறத்தற்கில்லை. கைதியின் உயிரைக் காப்பதே சிறையின் முதற்கடன். திருத்தம் அதன் பின்னரே தொடங்கும். நம் சிறைகளில் இன்றும் இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் உண்டு. அவர்களிற் பெரும்பகுதியினர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விளக்கமறியற் கைதிகள். எந்நாள் வெளியேறுவோம் என்று அறியாதவன் எந்த நாளை எண்ணி உழைப்பான்?

சிட்னிப் பத்திரிகைகள் ஒரு சிறையை அது ஊட்டும் அச்சத்தால் அளந்தன. மக்கொனக்கியோ அதிலிருந்து வெளியேறியவன் திரும்பி வருகிறானா என்பதால் அளந்தார். இவ்விரு அளவுகோல்களுள் எதை ஏற்பது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. சிறை சென்றவருட் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வந்தே தீருவர். நம் தெருவிலே நடப்பர். நம் கடையிலே வேலை கேட்பர். நம் அயலிலே குடியிருப்பர். அவர்கள் எத்தகைய மனிதராய் வருதல் வேண்டும் என்பது அவர்களைப் பற்றிய வினா மட்டுமன்று. நம்மைப் பற்றிய வினாவுமாகும்.