இராயர் ஏரியின் கரை

வங்கக் கடலில் எழும் புயற்சின்னம் கார்த்திகையில் கரையேறுமாயின், சேஷாசல மலையில் பெய்த நீர் விரைவிலேயே திருப்பதிச் சீமையின் ஏரிகளை நிரப்பிவிடும்.

இந்த ஏரிகளின் வரலாற்றை விஜயநகர காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அன்பர்கள் திருவேங்கடமுடையானுக்கு அளித்த பொன், கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப் பயன்பட்டது. பெருகிய விளைச்சலிலிருந்து அவர்கள் பெயரால் திருவமுது படைக்கப்பட்டது. ஆகவே, கரை உடைந்தால் உழவனோடு கோயிலுக்கும் இழப்பே. கரையைக் காப்பது பலருக்கும் பொதுக் கவலையாயிற்று.

கிருஷ்ணதேவராயர் வெட்டியதாக மக்கள் சொல்வது இராயலசெருவு. 2021 நவம்பர்ப் பெருமழையில், அன்று சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அந்த ஏரியின் கரை கசியத் தொடங்கியது. தாழ்விடத்துக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர்; மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன; கரை நின்றது. அதே மழையில், அண்டைக் கடப்பை ஜில்லாவில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து, பல உயிர்கள் மாண்டன.

இடிந்த வீட்டை எழுப்புவது மட்டும் மீட்சியன்று. கோடையில் தூர் வாரி, மதகைச் செப்பனிட்டு, கரைக்கு மண்ணிடுவதும் மீட்சியே. அடுத்த புயலுக்கு முன் செய்து முடிக்க வேண்டிய பணி அது.