கைந்தா சாலையோரம்: புட்டும் சிப்பாய்களும்

மணிலாவிலிருந்து கிழக்கே, அந்திப்போலோ மாதா கோவிலுக்குப் போகிற சாலையில் கைந்தா என்று ஓர் ஊர். இன்று தலைநகரோடு ஒட்டிப்போன நெரிசலான இடம்தான். ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்களிடம் கைந்தா என்று சொன்னால் உடனே 'ககானின்' என்பார்கள். அரிசிப் பலகாரங்களுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் அது. சோற்றுக்கு அங்கே 'கானின்' என்று பேர், அதிலிருந்து வந்தது.

சாலையோரக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். நாலு வகை வந்தது. ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இலையில் சுற்றி அவித்த சுமான். வாழையிலை விரித்த மண்சட்டியில் மாவை ஊற்றி, அடியிலும் மேலேயும் கரி நெருப்பு வைத்துச் சுட்ட பிபிங்கா. அதன்மேல் உப்பு முட்டைத் துண்டு. தேங்காய்த் துருவல் போட்ட பழுப்பு நிற குச்சிந்தா. கடைசியாக புத்தோ. பார்த்தால் இட்லி, பேரைக் கேட்டால் புட்டு!

மூங்கில் குழலில் அவிக்கிற 'புத்தோ பும்போங்' வேறு இருக்கிறது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் சர்ச் வாசலிலேயே வாங்கித் தின்பது. ஊதா நிறத்தையும் பிசுபிசுப்பையும் விட்டுவிட்டால் நம்ம குழாய்ப்புட்டேதான்.

இங்கேதான் தமிழ் மனசு துள்ளும். காரணம், இதே கைந்தாவில் சென்னையிலிருந்து போன சிப்பாய்கள் தங்கிவிட்டார்கள் என்பது வரலாறு.

1762-இல் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. வில்லியம் ட்ரேப்பர், கார்னிஷ் தலைமையில் சென்னையிலிருந்து கப்பற்படை கிளம்பியது. அதில் ஏறத்தாழ 600 சிப்பாய்கள். அக்டோபர் 6-இல் மணிலா விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சார்பில் டாசன் ட்ரேக் கவர்னரானார். சிமோன் தே அந்தா என்ற ஸ்பானிய அதிகாரி பம்பாங்கா பக்கமிருந்து எதிர்த்துக்கொண்டே இருந்ததால், பிரிட்டிஷாரின் பிடி மணிலாவைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊரைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவாகி, 1764-இல் கப்பலேறினார்கள். சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. கைந்தா பக்கமே தங்கி, அங்கேயே பெண் கட்டி, ஊரோடு கலந்துபோனார்கள்.

அப்போ, அவர்கள் கொண்டுபோன புட்டுதானே புத்தோ? கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் கொஞ்ச நாள் நம்பினேன். ஆனால் தேதி இடிக்கிறது.

மெகல்லன் கப்பலில் வந்த பிகாஃபெட்டா 1521-லேயே எழுதியிருக்கிறார்: பலவான் தீவில் அரிசியை மூங்கிலில் வைத்துச் சமைத்தார்கள், புரூனே அரசர் இலையில் சுற்றிய அரிசிப் பண்டங்களை அனுப்பினார் என்று. சிப்பாய்கள் போவதற்கு 241 வருஷம் முன்னாடி! அரிசி, தேங்காய், மூங்கில், வாழையிலை நாலும் இருக்கிற ஊருக்கு யாரும் போய் அவிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

செய்முறை அவர்களுடையது. பேர்? அது வேறு கதை. 'புத்து' என்கிற பேர் மலாய், ஜாவா பகுதிகளிலும் அரிசிப் பலகாரத்துக்கு உண்டு. இத்தனை தீவுகளில் பரவிய ஒரு சொல் ஒரே ஊரில் தங்கிய சில நூறு பேரிடமிருந்து போயிருக்க முடியாது. தமிழ்ப் 'புட்டு'தான் மூலம் என்றால், அது வணிகர் வாயில் போனது. மாங்காய் மலாய் வழியாக 'மங்கா'வாக அங்கே போனதும் அப்படித்தான். சோழமண்டலத் துணி மணிலாவுக்குப் போனதும் சிப்பாய்களுக்கு முன்பே. சைதாப்பேட்டையில் 1726-இல் மர்மலாங் பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் இருந்தவர்.

இன்னொன்று. சென்னைப் படை என்றால் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்ததுதான். மொத்தப் பேரையும் தமிழர் கணக்கில் எழுதுவதும் சரியில்லை.

நமக்கு உரிமையான விஷயம் கைந்தாவில் ஒன்று உண்டு. அது பலகாரம் இல்லை, அந்த மனிதர்கள். ட்ரேப்பர் ஊர் திரும்பியதும் தன் 79-ஆவது ரெஜிமெண்ட்டுக்கு பிரிஸ்டல் அருகே கிளிஃப்டனில் நினைவுச்சின்னம் எழுப்பினார். அதே சண்டையில் நின்ற சிப்பாய்க்கு அதில் இடமில்லை. புட்டுக்குப் பெருமை பேசுகிற நாமும் அவர்கள் யார், எந்த ஊர் என்று தேடியதில்லை.

தேட இடம் இருக்கிறது. 1762-64 மணிலா நிர்வாகத்தின் ஆலோசனைப் பதிவுகளைச் சென்னை அரசாங்கமே பிற்பாடு தொகுதிகளாக அச்சிட்டது. பேர் பட்டியலோ சம்பளக் கணக்கோ, எது கண்ணில் பட்டாலும் குறித்து வைப்பதாக இருக்கிறேன். படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.