வார் அவிழ்ந்த செருப்பு

சதா சகாய மாதா படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கண் குழந்தை இயேசுவின் காலுக்குத்தான் போகும். வார் அவிழ்ந்து ஒரு செருப்பு தொங்குகிறது. எதையோ கண்டு மிரண்டு தாயிடம் ஓடிவந்த பிள்ளை. இரு கைகளாலும் அவள் வலது கையைப் பற்றிக்கொண்டு, முகத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறது. அந்தப் பக்கம் கபிரியேல் தூதர் சிலுவையோடும் ஆணிகளோடும் நிற்கிறார். எதிர்ப்பக்கம் மிக்கேல், ஈட்டியும் கடற்பஞ்சும் காடிப் பாத்திரமும் ஏந்தி. இருவர் கையும் துணியால் மூடியிருக்கும். நற்கருணை ஆசீரின்போது சாமியார் கதிர்ப்பாத்திரத்தைத் தோள்துகிலால் பிடிப்பாரே, அந்த மரியாதை. கொலைக்கருவிகளைப் பூசைப் பொருளாக்க ஓவியருக்கு அந்தத் துணியே போதுமாக இருந்தது. மாதாவின் பார்வை பிள்ளைமேல் இல்லை, நம்மேல் இருக்கிறது.

மூலப்படம் சுமார் 54 செ.மீ. உயரமுள்ள மரப்பலகை. கிரீட் தீவின் ஆலயம் ஒன்றிலிருந்து வணிகர் ஒருவர் அதைத் திருடிக் கொண்டுவந்தார் என்பது மரபு. ரோமில் சாகக் கிடந்தபோது, இதை ஏதாவது ஓர் ஆலயத்தில் வைத்துவிடு என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டாராம். 1499இல் படம் புனித மத்தேயு ஆலயத்துக்கு வந்தது. ஏறக்குறைய 300 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 1798இல் ரோமைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆலயத்தை இடித்தார்கள். அகுஸ்தீன் சபையினர் காப்பாற்றிய படம், கடைசியில் போஸ்தெருலா மாதா கோவிலின் சிற்றாலயத்தில் மாலையோ நவநாளோ இல்லாமல் கிடந்தது.

அதை மறக்காதவர் ஒருவர் இருந்தார். கண்பார்வை மங்கிப்போன முதிய துறவி, அகுஸ்தீன் ஒர்செத்தி. பூசைக்கு உதவ வரும் மிக்கேலே மார்க்கி என்ற சிறுவனிடம், இந்தப் படம் மத்தேயு ஆலயத்தில் இருந்தது, நினைவில் வைத்துக்கொள் என்று அடிக்கடி சொல்வார். பையன் வளர்ந்து ரெடம்டரிஸ்ட் சபையில் சேர்ந்தான். அந்தச் சபை 1855இல் ரோமில் வாங்கிய மனை, இடிந்த மத்தேயு ஆலயம் இருந்த அதே இடம்! படம் எங்கே போயிற்று என்று மடத்தில் பேச்சு எழுந்தபோது, நான் பார்த்திருக்கிறேன் என்றார் மார்க்கி. ஒரு கிழவரின் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்த முகத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். 1865 டிசம்பரில் ஒன்பதாம் பயஸ் பாப்பரசர் படத்தை ரெடம்டரிஸ்ட் சபையிடம் ஒப்படைக்கச் சொன்னார். 1866 ஏப்ரலில் பவனியாக வந்து, புனித அல்போன்ஸ் ஆலயப் பீடத்தில் ஏறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிரதிகள்தாம் நம் ஊர்க் கோவில்களில் புதன்கிழமை நவநாளுக்கு விளக்கேற்றி வைக்கப்படுபவை. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. பூச்சரம் நீளமாகிச் செருப்பை மறைத்தால், அம்மா அதைச் சற்று மேலே ஏற்றி மாட்டுவார்.