சிலிம் ரிவர் வெந்நீரும் புவிவெப்ப ஆற்றலும்: ஒரு சுற்றுச்சூழல் மதிப்பீடு

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், முவாலிம் மாவட்டத்துச் சிலிம் ரிவருக்கு அருகில் இருக்கிறது உலு சிலிம் வெந்நீர் ஊற்று. மலேசியத் தீபகற்பத்தில் அறியப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகளில் மிகச் சூடானவற்றுள் இதுவும் ஒன்று. இதன் நீர் கொதிநிலையை ஒட்டியே வெளிவருவதால், இங்கு மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. புவிவெப்பம் தூய்மையானதா என்று பொதுவில் கேட்பதால் இந்த ஊருக்கு விடை கிடைக்காது. இங்கு கிடைக்கக்கூடிய காலநிலைப் பயன் சிறியது. ஆகவே வெப்பம் இழந்த நீர் எங்கே போய்ச் சேரும் என்பதே திட்டத்தின் தகுதியை முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எந்த அச்சம் பொருந்தும்?

2021 ஜனவரியில் சுமத்ராவின் சோரிக் மராப்பி புவிவெப்ப நிலையத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறி ஐந்து கிராமவாசிகள் இறந்தனர். அது எரிமலைப் பகுதி. உலு சிலிமில் எரிமலை இல்லை. மழைநீர் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவும் அந்த வெப்பத்துக்குத் துணை செய்கிறது. எரிமலை நிலையங்களின் நச்சுவாயு அபாயத்தை அதே அளவில் இங்கு எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வேறு இரண்டு பாடங்கள் பொருந்தும். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் வெந்நீரை எடுத்துவிட்டு நிலத்துக்குள் திருப்பாமல் விட்டதில், தரை தாழ்ந்தது. அருகிலிருந்த கொதிநீர்ப் பீச்சுகள் அடங்கின. தென்கொரியாவின் போஹாங்கில் கிரானைட்டுக்குள் உயர் அழுத்தத்தில் நீர் செலுத்தியதைத் தொடர்ந்து, 2017 நவம்பரில் 5.4 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தது. அளவு மீறி எடுப்பதும், பாறையை வலிந்து பிளப்பதும் உலு சிலிமிலும் கேடு விளைவிக்கும்.

பயனின் அளவு

ஒப்பிடத் தக்க நிலையம் வட தாய்லாந்தின் ஃபாங்கில் உள்ளது. அங்கும் கிரானைட் நிலம், எரிமலை கிடையாது. 1989இல் தொடங்கிய அந்நிலையத்தின் நிறுவுதிறன் 300 கிலோவாட். குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், உற்பத்தி 150 முதல் 250 கிலோவாட் வரை ஏறி இறங்குகிறது. வெப்பநாட்டுக்கு இது அடிப்படைத் தடை. 100 பாகை நீரையும் 30 பாகைச் சூழலையும் வைத்துக் கணக்கிட்டால், வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் திறனின் கோட்பாட்டு உச்சமே சுமார் 19 விழுக்காடுதான். நடைமுறையில் பத்து விழுக்காடு கிடைத்தாலே அதிகம்.

உலு சிலிமில் 200 கிலோவாட் நிலையம் ஓராண்டு இடைவிடாமல் ஓடுவதாகக் கொள்வோம். சுமார் 1,750 மெகாவாட்-மணி மின்சாரம் கிடைக்கும். அது நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றானால், ஏறத்தாழ அத்தனை டன் கரிவளி தவிர்க்கப்படும். அதே பேராக்கில், மஞ்சோங் கடலோரத்து நிலக்கரி நிலையத்தின் திறன் சுமார் 4,100 மெகாவாட். சபாவின் தாவாவில் எரிமலைப் பாறைப் பகுதியில் திட்டமிட்ட 30 மெகாவாட் அபாஸ் கிரி நிலையமே மின்சாரம் தராமல் நின்றுபோனது.

மின்சாரம் வேண்டாம், வெப்பத்தையே நேரடியாகப் பயன்படுத்தலாம் என்பார்கள். ரெய்க்யாவிக்கில் வெந்நீர் வீடுகளைச் சூடாக்கி நிலக்கரிப் புகையை அகற்றியது. சிலிம் ரிவரில் வீட்டுக்கு வெப்பம் தேவையில்லை. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனை ஆலைகளோ தங்கள் நாரையும் ஓட்டையும் எரித்தே நீராவி எடுக்கின்றன. ரப்பர் ஷீட் உலர்த்தும் தேவையும் சுருங்கிவிட்டது. சிறுதோட்டக்காரர் பெரும்பாலும் கட்டிப்பாலாகவே விற்கின்றனர். வெப்பம் எந்த எரிபொருளுக்கு மாற்றாகிறது என்று கேட்காமல் அதைப் பசுமை என்று சொல்வதில் பொருளில்லை.

நீரின் கணக்கு

மேற்சொன்ன 200 கிலோவாட்டுக்குப் பத்து விழுக்காட்டுத் திறனில் 2 மெகாவாட் வெப்பம் வேண்டும். நீரை 100 பாகையிலிருந்து 60 பாகைக்கு இறக்கினால், நொடிக்கு 12 லிட்டர், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டர் தேவை. 60 பாகைச் சூட்டோடு அது ஆற்றில் விழுந்தால் நீரில் கரைந்த உயிர்வளி குறையும். கிரானைட் வழி வரும் வெந்நீரில் ஃபுளோரைடும் சிலிக்காவும் மிகுந்திருப்பது வழக்கம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஃபுளோரைடு வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். சிலிம் ஆறு பெர்ணம் ஆற்றில் கலக்கிறது; பெர்ணம் நீர் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வயல்களுக்குப் பாய்கிறது. தவிர்க்கப்படும் கரிவளி உலகம் முழுவதற்கும் பொதுவான நன்மை. கழிவுநீரின் சுமையோ ஆற்றோரத்து ஓராங் அஸ்லி பழங்குடியினர் குடியிருப்புகளுக்கும் கீழ்நிலத்து உழவர்களுக்கும் போய்ச் சேரும்.

முடிவுரை

சிறிய பயன் பெரிய உள்ளூர் இழப்பை ஈடுகட்டாது. ஆகவே துளையிடும் முன்பே ஊற்றின் ஓட்டம், வெப்பநிலை, ஃபுளோரைடு ஆகியவற்றை எல்லாப் பருவங்களிலும் அளந்து பதிய வேண்டும். எடுத்த நீர் முழுவதையும் நிலத்துக்குள் திருப்புவதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அதைச் செலுத்துவது பாறையைப் பிளக்காத அழுத்தத்தில் நடக்க வேண்டும். ஆற்றை நம்பி வாழ்வோரின் ஒப்புதலும் கட்டாயம். ஃபாங்கில் மின்சாரத்துக்குப் பின் எஞ்சும் வெப்பம் உலர்த்தலுக்கும் குளிர்பதனத்துக்கும் பயன்படுவதைப் போல, ஒரே நீரிலிருந்து பலமுறை பயன் பெற வேண்டும். இந்த நிபந்தனைகளின் செலவைத் தாங்காத திட்டம் உலு சிலிமுக்கு ஏற்றதல்ல. அந்நிலையில் ஊற்றைக் குளியலுக்கும் சுற்றுலாவுக்கும் விட்டுவைப்பதே அறிவுடைய ஆற்றல் கொள்கை.