நியோஸ் ஏரி கற்பித்த பாடம்

எரிமலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன தீப்பிழம்பும், கரும்புகையும், உருகியோடும் பாறைக்குழம்புமே. இவை கண்ணுக்குப் புலனாவன; ஆதலின் இவற்றைக் கண்டு விலகி ஓடவும் ஓரளவு இயலும். ஆனால், நிறமும் மணமும் அற்றதொரு வாயு நிலத்தடியிலிருந்து எழுந்து உயிர் கவருமாயின், அதனை அறிந்து தப்புவது எங்ஙனம்? இவ்வினாவை உலகின்முன் வைத்தது, ஆபிரிக்காவின் கமரூன் நாட்டிலுள்ள நியோஸ் என்னும் ஏரியாகும்.

எரிமலை வெடிப்பினாலுண்டான குழியொன்றில் நீர் நிறைந்து அமைந்த இவ்வேரி, 200 மீற்றருக்கு மேல் ஆழமுடையது. 1986 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 21 ஆம் திகதி இரவு 9 மணியளவில் இதன் நீர் பொங்கிற்று. அதனின்று வெளிப்பட்ட காபனீரொட்சைட்டு வாயு, காற்றிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானதாகையால், மேலெழாது பள்ளத்தாக்குகள் வழியே வெள்ளம்போற் படர்ந்தது. நியோஸ், சா, சுபூம் முதலிய ஊர்களில் 1,700 பேருக்கு மேற்பட்டோரும், ஆயிரக்கணக்கான கால்நடைகளும் மாண்டன. வீடுகள் இடியவில்லை, பயிர்கள் கருகவில்லை. எண்ணெய் இருந்தும் விளக்குகள் அணைந்தன. நெடுநேரம் நினைவிழந்து கிடந்து கண்விழித்த சிலர், தம் குடும்பத்தார் அனைவரும் இறந்துகிடப்பதைக் கண்டனர்.

இதற்கு முன்னறிவிப்பு இல்லாமலில்லை. 1984 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, அதே நாட்டின் மொனூன் ஏரிக்கரையில் 37 பேர் இறந்தனர். அதனை ஆராய்ந்த எரிமலையியல் அறிஞர் ஹரால்டுர் சிகுர்ட்சன், ஏரியாழத்தில் தேங்கிய வாயுவே காரணமென முடிவுகண்டார். ஆயினும், அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நியோசில் ஆழத்து வாயுவைத் தொடர்ந்து அளக்கும் ஏற்பாடு எதுவும் அமையவில்லை. இரண்டாண்டுகள் கழிந்தன, பேரழிவு வந்தது.

அழிவின் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஏரிக்கடியில் எரிமலை வெடித்ததென்றார் ஹாரூன் தாசியேவ். அமைதியாக நீரிற் கரைந்திருந்த வாயுவே திடீரென வெளியேறியதென்றனர் வேறு பலர். 1987 மார்ச்சில் கமரூனின் தலைநகர் யாவுண்டேயில் கூடிய சர்வதேச மாநாட்டிலும் இவ்விவாதம் நிகழ்ந்தது. இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. வெடிப்பே காரணமாயின், அதனைத் தடுக்க மனிதரால் இயலாது. கரைந்த வாயு காரணமாயின், எஞ்சியிருப்பதை அளக்கலாம், அகற்றவும் செய்யலாம்.

அளந்து பார்த்த அறிஞர் கண்டது பிந்தியதையே. பூமியின் ஆழத்துப் பாறைக்குழம்பிலிருந்து பிரியும் வாயு, ஊற்றுகள் வழியாக ஏரியின் அடியை அடைகிறது. மேலுள்ள நீரின் அழுத்தத்தால் அங்கேயே கரைந்து தங்குகிறது. அந்த அடிநீர் ஏதோவொரு காரணத்தால் மேலெழுமாயின், மூடி திறந்த சோடாப் போத்தல்போல் நுரைத்துப் பொங்கும். பின்னர் ஆண்டுதோறும் செய்த அளவீடுகள், வாயு மீண்டும் சேர்ந்துவருவதையும் காட்டின. வாளாவிருப்பின் மற்றுமோர் அழிவு உறுதி.

எனவே, 2001 சனவரியில் பிரான்சிய அறிஞர் மிசேல் ஹால்பவாக்ஸ் தலைமையில், ஏரியின் அடிவரை நீண்ட குழாயொன்று இறக்கப்பட்டது. தொடக்கத்தில் மாத்திரம் அடிநீரை இயந்திரத்தால் மேலிழுத்தால் போதும். பின்னர் வாயுக் குமிழிகளே நீரைத் தூக்கிவரும். ஏறக்குறைய 50 மீற்றர் உயரத்துக்கு நீர்த்தாரை பீறிட்டது. வாயு சிறிது சிறிதாகக் காற்றிற் கலந்து கலைந்தது. 2003 இல் மொனூனிலும் குழாய் பொருத்தப்பட்டது. 2011 இல் நியோசில் மேலும் இரு குழாய்கள் இடப்பட்டன. தேங்கிய வாயுவின் பெரும்பகுதி அகன்றது. எனினும், அடியிலிருந்து வாயு இன்னும் ஊறிக்கொண்டேயிருப்பதால், அளத்தலை நிறுத்துவதற்கில்லை.

கொங்கோ, ருவாண்டா நாடுகளின் எல்லையிலுள்ள கிவு ஏரி நியோசினும் மிகப் பெரிது. அதன் ஆழத்திலும் காபனீரொட்சைட்டும் மெதேனும் பெருமளவிற் கரைந்துள்ளன. கரையிலோ பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்கும் அறிஞர் ஏரியைத் தொடர்ந்து அளந்து வருகின்றனர்.

புலன்கள் எட்டாத இடத்தில் மனிதனுக்குக் காவல் கருவியே. ஆனால், கருவி சொல்வதைக் காலத்திற் கேட்டுச் செயற்பட்டாலன்றி அக்காவலும் பயன்படாது. மொனூனில் மாண்ட 37 பேர் சொல்லாமற் சொன்னதும், நியோசின் ஊர்கள் பெருவிலை கொடுத்து நமக்குக் கற்பித்ததும் இதுவேயாகும்.