வில்லியனூரிலிருந்து எங்க வீட்டுப் பின்கட்டுக்கு

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் எங்க வீடு. வாசல் குறுகல், உள்ளே போனா ரயில் பெட்டி மாதிரி நீளம். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வேற. மோடம் வாசல் அறையில, ஆயா பின்கட்டுல. வெளிநாட்டிலிருந்து அக்கா வீடியோவில் கூப்பிட்டா முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும். மூணு பெட்டி மெஷ் வைஃபை வாங்கிடலாம்னு விலை பாத்துக்கிட்டிருந்தேன். அப்பதான் அப்பா, "வில்லியனூர்ல அப்பவே செஞ்சாங்களேடா"ன்னார்.

ஆறு வருஷமா பொட்டி தட்டுறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது. கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு, நம்ம புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தது. வில்லியனூர்தான் நடுமையம். அங்கே டயல்-அப் இணையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு விஎச்எஃப் ரேடியோ. கரண்ட் போனா சோலார். 1971-ல் ஹவாய் தீவுகளை ரேடியோவில் இணைச்ச அலோஹாநெட்டும் இதே மாதிரிதான், நடுவுல ஒரு மையம், சுத்தி மத்ததெல்லாம்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலை எவ்வளவு உயரம் வரும்ங்கறது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தக் கணிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழில் குரல் பதிவாக்கி அனுப்புவாங்க. ஊரில் லவுட்ஸ்பீக்கர் கத்தும். வலை எடுத்துட்டுக் கிளம்புறவன் காதுக்கு அது போய்ச் சேர்ந்தாத்தானே பிரயோஜனம்!

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடுக்காரர் ஒருத்தர் சுனாமி செய்தி தெரிஞ்சு வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். ஊர்க்காரங்க தகவல் மையத்தை உடைச்சுத் திறந்து, அந்த ஒலிபெருக்கியிலேயே எச்சரிச்சாங்க. ஏறக்குறைய 500 குடும்பங்கள் இருந்த ஊர் தப்பிச்சுது. அன்னிக்கு வேலை செஞ்சது இணையமே இல்லை, கடைசி முழத்துல இருந்த ஸ்பீக்கர்தான்.

இதைப் படிச்சப்புறம் மெஷ் பெட்டியை வேற கண்ணோட மறுபடி பாத்தேன். வில்லியனூர்ல இணையத்துக்கு டெலிபோன் கம்பி, ஊருக்கு ரேடியோ, கரைக்கு ஸ்பீக்கர். ஒவ்வொரு தாண்டலுக்கும் தனி வழி. விலை கம்மியான மெஷ்ல ஒரே ரேடியோதான் கேட்கவும் செய்யணும், திருப்பிச் சொல்லவும் செய்யணும். ஒரு தாண்டலுக்கே வேகம் பாதியாயிடும். அதுலயும் எங்க சுவர்ல 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாக்குப்பிடிக்கவே பிடிக்காது. மூணாவது பெட்டிக்கு என்ன மிஞ்சும்?

அதனால மெஷ் வேண்டாம்னு முடிவு பண்ணி, தாழ்வாரம் ஓரமா ஈதர்நெட் கேபிள் இழுத்து, நடுக்கூடத்துல ஒண்ணு, பின்கட்டுல ஒண்ணுன்னு ரெண்டு ஆக்சஸ் பாயிண்ட் வெச்சேன். சுவர்ல ஓட்டை போட அப்பா சம்மதிக்கத்தான் ரெண்டு வாரம் ஆச்சு :-)

இப்ப அக்கா முகம் உறையறதில்ல. ஆனா ஃபோன்ல சத்தம் பத்தலியாம், ஸ்பீக்கர் வாங்கிக் குடுன்னு ஆயா நச்சரிக்கிறாங்க.